வலம் அண்ணனின் எட்டு ஃபோல்டர்கள்

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றாத ஆள் கிடையாது. செருப்பில்லாமல் சுற்றுகிறவர்கள், ஆட்டோவில் சுற்றுகிறவர்கள், மௌனமாகச் சுற்றுகிறவர்கள், வழியெல்லாம் மருமகளைப் பற்றிப் பேசிக்கொண்டே சுற்றுகிறவர்கள் என்று எல்லா வகையையும் பார்த்துவிட்டேன். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தபடி, கையில் மவுஸைப் பிடித்துக்கொண்டு, கம்ப்யூட்டருக்குள்ளேயே கிரிவலம் போன மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் எங்கள் கடையில் வேலை பார்த்தார்.

அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை. ஊருக்கே அவர் வலம் அண்ணன்தான்.

எங்கள் கடை செங்கம் ரோட்டில் இருக்கிறது. ஜெராக்ஸ், லேமினேஷன், கல்யாணப் பத்திரிகை, ஃப்ளெக்ஸ் எல்லாம் உண்டு. கம்ப்யூட்டர் அவர் பொறுப்பு, ஜெராக்ஸ் மெஷின் என் பொறுப்பு. நான் பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. நாலு பேர் முன்னால் பேசவும் எனக்கு வராது. ஜெராக்ஸ் மெஷினுக்கு அதெல்லாம் தேவைப்படாததால் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போனது.

கம்ப்யூட்டரில் கீழே ஒரு மஞ்சள் ஃபோல்டர் படம் இருக்கும். அதை அழுத்தினால், சேமித்து வைத்ததெல்லாம் தெரியும். எந்த இடம் முதலில் திறக்க வேண்டும் என்று நாமே சொல்லி வைக்கலாமாம். இந்தச் சின்ன விஷயத்துக்காக எங்கள் கடையில் நடந்த சண்டை, சொத்துத் தகராறில்கூட நடந்திருக்காது.

முதலாளி 'டவுன்லோட்ஸ்' திறக்க வேண்டும் என்பார். வருகிறவர்கள் எல்லாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள், அது அங்கேதான் போய் விழுகிறது, திறந்ததும் எடுக்கலாம், ஆள் போய்க்கொண்டே இருப்பான் என்பது அவர் கட்சி. வலம் அண்ணனுக்கு அது பிடிக்கவே இல்லை. பஸ்ஸிலிருந்து இறக்கிய மூட்டையெல்லாம் கிடக்கிற இடத்தில் யாராவது ஒரு நல்ல காரியத்தை ஆரம்பிப்பார்களா என்று கேட்டார். முதலாளி கடைசியில் என் பக்கம் திரும்பி, உனக்கு எது திறந்தால் தேவலை என்றார். என் கல்யாணத்தின்போதுகூட யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. எனக்கு வேர்த்துவிட்டது. எது திறந்தாலும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால் போய்விட்டேன்.

வலம் அண்ணன் கம்ப்யூட்டரில் இருந்த எல்லாவற்றையும் எட்டு ஃபோல்டராகப் பிரித்து, கிரிவலப் பாதையில் இருக்கிற எட்டு லிங்கங்களின் பெயரை வைத்திருந்தார். இந்திர லிங்கத்தில் கட்சிக்காரர்களின் பிறந்தநாள் ஃப்ளெக்ஸ். அக்னி லிங்கத்தில் ஓட்டல் மெனு கார்டும் சமையல் கான்ட்ராக்ட் நோட்டீஸும். எம லிங்கத்தில் கண்ணீர் அஞ்சலி. நிருதி லிங்கத்துக்கு என்ன பொறுப்பு என்று அவருக்கும் சரியாகத் தெரியவில்லை; அதனால் யாருக்கும் புரியாத வாடகை ஒப்பந்தம், பாஸ்போர்ட், விசா எல்லாம் அங்கே போயின. வருண லிங்கத்தில் தண்ணீர் கேன், போர்வெல். வாயு லிங்கத்தில் பஞ்சர் கடை, டிராவல்ஸ். குபேர லிங்கத்தில் நகைக்கடையும் கல்யாணப் பத்திரிகையும். கல்யாணம் ஏன் குபேரனிடம் போனது என்று ஒருமுறை துணிந்து கேட்டேன். "பொண்ணுக்கு ஒரு கல்யாணம் பண்ணிப் பாரும்மா, தெரியும்" என்றார். கடைசியாக ஈசான்ய லிங்கத்தில் பள்ளிக்கூடச் சர்டிபிகேட்.

இதுவரைகூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்கு அவர் நேராகப் போகமாட்டார். எம லிங்கத்தில் இருக்கும்போது யாராவது வந்து கல்யாணப் பத்திரிகை கேட்டால், நிருதி, வருணன், வாயு என்று ஒவ்வொன்றாகத் திறந்து, ஒரு கணம் நின்று, மூடி, அப்புறம்தான் குபேரனுக்கு வருவார். நேரா அதையே அழுத்தக் கூடாதா என்று முதலாளி தலையில் அடித்துக்கொள்வார்.

"எப்படி சார் நேரா போறது? நடுவுல மலை இருக்குதே" என்பார் வலம் அண்ணன்.

போன காரியம் முடிந்தாலும் விடமாட்டார். மீதி லிங்கங்களையும் பார்த்து, ஆரம்பித்த இடத்துக்கே வந்த பிறகுதான் மூடுவார். ஒருமுறை ஒரு வெள்ளைக்கார அம்மா ரயில் டிக்கெட்டை பிரிண்ட் எடுக்க வந்தார். அண்ணன் அவருக்கு எட்டையும் காட்டிவிட்டு டிக்கெட்டை எடுப்பதற்குள் ரயில் போய்விட்டது. அந்த அம்மா வருத்தப்படவில்லை. அடுத்த நாள் நான்கு பேரை அழைத்துக்கொண்டு வந்தார். அத்தனை பேரும் கம்ப்யூட்டருக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் என்ன ஏதென்று தெரியாமல் செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்தார்கள்.

இவ்வளவு தெளிவாக இருந்தவரை ஒரே ஒரு கேள்வி ஆட்டிவைத்தது. எந்த லிங்கத்தில் ஆரம்பிப்பது?

முதலில் இந்திர லிங்கத்தை வைத்தார். கிழக்கு, ராஜகோபுரம் பக்கம், நியாயம்தான். பிறகு சந்தேகம் வந்துவிட்டது. லாட்ஜில் தங்குகிறவன் லாட்ஜ் வாசலிலிருந்து ஆரம்பிக்கிறான். கிரிவலப் பாதையிலேயே இருக்கிற அடி அண்ணாமலை ஊர்க்காரர்கள் அவரவர் வீட்டு வாசலிலிருந்தே ஆரம்பித்து அங்கேயே வந்து முடிக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் புண்ணியம் கம்மியா? ஆட்டோக்காரர்களைக் கேட்டார். பூக்காரம்மாவைக் கேட்டார். ஆளுக்கு ஓர் இடம் சொன்னார்கள். ரோட்டோரம் உட்கார்ந்திருந்த ஒரு சாமியாரைக் கேட்டதற்கு அவர், "ஆரம்பிச்ச எடம் மறந்துபோச்சுப்பா. அதனாலதான் இன்னும் சுத்திக்கினே இருக்கேன்" என்றாராம். அன்று வலம் அண்ணன் மத்தியானம் சாப்பிடவில்லை.

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். அவனவன் இருக்கிற இடம்தான் ஆரம்பம். ஆகவே காலையில் கடை திறந்ததும் முதலில் வருகிற வாடிக்கையாளர் என்ன கேட்கிறாரோ, அந்த லிங்கம்தான் அன்று முழுக்கத் திறக்கும். பிரியாணிக் கடைக்காரர் முதலில் வந்தால் அன்று அக்னி. பஞ்சர் கடைக்காரர் வந்தால் வாயு. நடுவில் மாற்ற மாட்டார். சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனதும் முதலாளி டவுன்லோட்ஸுக்கு மாற்றுவார். காலையில் வலம் அண்ணன் வந்து திரும்ப மாற்றுவார். அவர் இல்லாத நேரத்தில் நான் அந்த மஞ்சள் படத்தை அழுத்தினால், தெரியாத ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியவள்போல நின்றுவிடுவேன்.

அந்தச் சமயத்தில்தான் என் மகளுக்கு அடி அண்ணாமலையில் வரன் அமைந்தது. நல்ல குடும்பம், விவசாயம் உண்டு, பையனுக்கு டவுனில் வேலை. எல்லாம் கூடி வந்தது. அந்த வீட்டில் பேச்சு முழுக்கப் பையனின் அத்தை கையில். பையனின் அம்மா தலையாட்ட மட்டும்தான். அத்தைக்குச் சகுனம் என்றால் சகுனம்தான். பூனை குறுக்கே போனதற்காக ஏற்கெனவே ஒரு சம்பந்தத்தை வேண்டாம் என்று எழுந்து போனவர் என்று தரகர் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து எங்கள் தெருப் பூனைகளை நான் தனியாகக் கவனிக்க ஆரம்பித்திருந்தேன்.

பத்திரிகையை எங்கள் கடையிலேயே அடிப்பதாக முடிவானது. அச்சுக்குப் போகும் முன், தன் பெயர் எந்த இடத்தில் வருகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும் என்றார் அத்தை. நாள் குறித்து வருவதாகச் சொல்லிவிட்டார்.

அன்று காலை ஷட்டரைத் தூக்கியதும் வந்த முதல் ஆள் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் கேட்டார்.

வலம் அண்ணன் எம லிங்கத்தை எடுத்து வைத்தார். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். வாயே திறக்காத ஆள் வந்து நிற்கிறாளே என்று அவரும் பார்த்தார். இன்று மட்டும் குபேரனுக்கு மாற்றிவிடக் கூடாதா, பையன் வீட்டிலிருந்து வருகிறார்கள் என்றேன்.

"நாள நடுவுல உடைக்கக் கூடாதும்மா" என்றார் அன்பாக. "எமன் இன்னா பண்ணுவாரு? அவரும் சாமிதான்."

அவருக்கு முதலில் வந்த ஆளின் மரியாதை முக்கியம். எனக்கு என் மகளின் கல்யாணம். இதில் யார் சொல்வது சரி என்று யோசித்துக்கொண்டே ஒருவருடைய ஆதார் கார்டை முன்பக்கமே இரண்டு முறை எடுத்துக் கொடுத்தேன்.

பதினொரு மணிக்கு மேல் அத்தையும் பையனின் அம்மாவும் வந்தார்கள். நாற்காலி போட்டேன், டீ சொன்னேன். வலம் அண்ணன் மஞ்சள் படத்தை அழுத்தினார். திரை முழுக்க மாலை போட்ட முகங்கள். நடுவில் பெரிதாக அன்று காலை போஸ்டருக்கு வந்த முகம்.

அத்தை டீ கிளாசை அப்படியே கீழே வைத்தார்.

"எங்க மருமவன் கல்யாணப் பத்திரிக பாக்க வந்தா எமன் மூஞ்சில முழிக்க வச்சிட்டீங்க. ஏந்திரு லட்சுமி. இந்த சம்பந்தம் வோணாம்."

பையனின் அம்மா எழுந்தார். முதலாளி ஏதோ சொல்லத் தொடங்கி இருமிவிட்டார். வலம் அண்ணன் மட்டும் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"எந்த ஊரும்மா உங்களுக்கு?"

"அடி அண்ணாமலை. ஏன்?"

"கிரிவலப் பாதையில ஊட்ட வச்சிக்கினு இப்படிப் பேசலாமா? எம லிங்கம் வரைக்கும் வந்துட்டு யாராவது திரும்பிப் போவாங்களா?"

அத்தை நின்றார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி தன் வாசல் வழியாகக் கூட்டம் கூட்டமாகப் போவதைப் பார்த்தவர். பாதியில் திரும்பி வந்த ஒருவரைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். திருதிருவென்று விழித்துவிட்டு உட்கார்ந்தார். பையனின் அம்மாவும் உட்கார்ந்தார்.

வலம் அண்ணன் கிளம்பினார். நிருதியில் பாஸ்போர்ட் படங்கள். வருணனில் தண்ணீர் கேன். வாயுவில் ஒரு டிராவல்ஸ் பஸ். குபேரனில் என் மகளின் பத்திரிகை. அத்தை முகம் கொஞ்சம் மலர்ந்தது; தன் பெயரைத் தேட ஆரம்பிப்பதற்குள் அண்ணன் அதை மூடிவிட்டார், சுற்று முடியவில்லையாம். ஈசான்யத்தில் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட். இந்திரனில் ஒரு பிரமுகரின் பிறந்தநாள் ஃப்ளெக்ஸ். அதன் கீழ் வரிசையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கும்பிட்டபடி எங்கள் மாப்பிள்ளை.

"இவன் எப்ப கட்சில சேந்தான்?" என்றார் பையனின் அம்மா. அன்று அவர் பேசிய ஒரே வார்த்தை அதுதான். அதற்குள் அக்னியில் மட்டன் பிரியாணி வந்துவிட்டது.

சுற்று முடிந்தது. திரையில் மறுபடியும் மாலை போட்ட முகங்கள். அத்தை பழக்கத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு அவருக்கு ஏதோ உறைத்தது.

"ஏம்ப்பா, எமன்ல ஆரம்பிச்சி எமன்லயே கொண்டாந்து உட்டுட்டியே."

வலம் அண்ணன் எட்டு விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். திரையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அவர் எழுந்தார். கம்ப்யூட்டரை அணைத்தார். லைட்டை அணைத்தார். "எல்லாரும் வெளிய வாங்க" என்றார். முதலாளி உட்பட எல்லாரும் எதற்கென்று தெரியாமல் வெளியே வந்து வெயிலில் நின்றோம். பின்பக்கம் எடுக்கத் திரும்பி வந்திருந்த ஆதார் கார்டுக்காரரும் நின்றார். வலம் அண்ணன் ஷட்டரைத் தடாலென்று இழுத்து மூடினார். மலைப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டார். ஏதோ மன்னிப்புக் கேட்டார் என்று நினைக்கிறேன். பிறகு ஷட்டரைத் தூக்கினார். ஊதுபத்தி ஏற்றி, படத்துக்குக் காட்டி, வாசல் தெளித்து, நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"பொழுது விடிஞ்சிடுச்சி. வாங்கம்மா. நீங்கதான் மொத போணி. இன்னா வேணும்?"

அத்தை முதலாளியைப் பார்த்தார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். சூரியன் உச்சிக்குப் பக்கத்தில் இருந்தது.

"எங்க மருமவன் கல்யாணப் பத்திரிக" என்றார் அத்தை, கொஞ்சம் பயந்த குரலில்.

வலம் அண்ணன் கம்ப்யூட்டரைப் போட்டு, எதையோ தட்டி மாற்றினார். மஞ்சள் படத்தை அழுத்தினார். குபேரன் திறந்தான். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். தன் பெயருக்கு இன்னும் பெரிய எழுத்து போட வேண்டும் என்றார். நான் ஆறிப்போன டீயை எடுத்துவிட்டு வேறு டீ சொன்னேன்.

அன்று எங்கள் கடைக்கு ஒரே நாளில் இரண்டு காலை. மத்தியானச் சாப்பாட்டுக்கு எப்போது போவது என்று முதலாளிக்கு நெடுநேரம் புரியவில்லை. வலம் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பும்போது, காலையில் முதலில் வந்தவர் கேட்ட போஸ்டரைச் சுருட்டி அவரே கையில் எடுத்துக்கொண்டு போனார். முதல் ஆளை நடுவில் விட்டுவிட்டோம், நேரில் கொடுத்துவிட்டு வர வேண்டும் என்றார்.

கல்யாணத்துக்கு வெள்ளை வேட்டியில் வந்தார். மேடைக்கு ஒரே பக்கம்தான் படி, அங்கே நல்ல கூட்டம். அவர் மேடையில் இடமிருந்து வலமாக மணமக்களைச் சுற்றித்தான் வருவேன் என்று பின்பக்கமாகப் போக, அந்த நேரம் பார்த்து போட்டோகிராபர் அழுத்திவிட்டார். முன்னால் என் மகளும் மாப்பிள்ளையும் சிரிக்கிறார்கள். இரண்டு தலைகளுக்கும் நடுவில் வழி தெரியாமல் முழிக்கிற வலம் அண்ணனின் பாதி முகம்.

இப்போது அவர் மகனோடு சென்னையில் இருக்கிறார். அந்தப் படத்தை ஆல்பத்திலிருந்து எடுத்துவிடலாம் என்று ஸ்டூடியோக்காரர் சொன்னார். அத்தையும் எடுக்கச் சொன்னார். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் அத்தனை பேர் முன்னால் வாயைத் திறந்து, அதை ஆல்பம் திறந்ததும் வருகிற முதல் பக்கத்தில் வைக்கச் சொன்னேன்.