ஏழு, பத்தொன்பது, நாற்பது ஆகியோரைப் பார்த்துக்கொள்வது குறித்து மாமாவுக்கு

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

நான் நலம். நீங்களும் மாமியும் நலமாக இருக்க விரும்புகிறேன் என்று எழுதுவது முறை. ஆனால் சென்ற செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு மாமி மட்டும் நலமாக இருந்தால் போதும் என்று தோன்றுகிறது. உங்களுக்கு லேசாக ஒரு ஜலதோஷம் வரலாம். அதற்கு மேல் வேண்டாம், அம்மா வருத்தப்படுவாள்.

நான் வெளியே போயிருந்த நேரம் பார்த்து என் அறைக்கு வந்து, கட்டிலின் மேல் நீங்கள் வைத்துவிட்டுப் போன தாளைப் படித்தேன். "மேற்படி புகாரை எவருடைய வற்புறுத்தலும் இன்றி, முழு மனதுடன் திரும்பப் பெறுகிறேன்." என் மனதை எனக்குப் பதிலாக யாரோ கம்பெனி அலுவலகத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்திருக்கிறார்கள். நான் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. ஓரத்தில் உங்கள் கையெழுத்தில் ஒரு குறிப்பு: "திங்கள்கிழமை விசாரணைக்கு நீ எப்படிப் போவாய்? நாலு நாள் அந்தப் பன்றிக்குட்டிகளை யார் பார்ப்பார்கள்? யோசி." யோசித்தேன் மாமா. நான்கு நாளாகப் பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

உங்களுக்குத் தெரிந்த விஷயத்தையே முதலில் எழுதுகிறேன், ஏனென்றால் தெரியாத மாதிரி நடந்துகொள்கிறீர்கள். இருபத்தாறு வருடமாக நீங்கள் ஸ்டோர் கீப்பராக இருக்கும் அந்த மருந்துக் கம்பெனியில், விலங்குக்கூடத்தில் என்னைச் சேர்த்துவிட்டதே நீங்கள்தான். கோடையில் இரண்டு நாள் ஏசி ஓடவில்லை. அறைக்குள் முப்பத்தாறு டிகிரி. மருந்து சோதிக்க அங்கே வளர்க்கும் கினிப்பன்றிக்கு வியர்க்காது. இருபத்தெட்டைத் தாண்டினாலே காது சிவந்து, மூச்சு வாங்கி, பக்கவாட்டில் சாய்ந்துவிடும். நாற்பத்தொன்றில் மூன்று மிஞ்சின. மேனேஜர் வாசலில் நின்றபடி, உள்ளே வராமல், கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, "ரெஜிஸ்டர்ல இருபத்திரண்டுன்னு போட்டுரும்மா. எப்பவும் அதானே போடறோம்" என்றார். நான் முப்பத்தாறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் கேட்டிலேயே அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். குற்றம்: பதிவேட்டைச் சிதைத்தது. அன்று மாலை நீங்கள் என்னிடம் கேட்டது என்ன? "ஒரு நம்பர்தானே பாப்பா, உன் கையில இருந்து என்ன கொறஞ்சு போச்சு?"

மிஞ்சிய மூன்றையும் 'அப்புறப்படுத்தவும்' என்று எழுதியிருந்தார்கள். கால்நடை டாக்டர் அவற்றை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு என் கையில் கொடுத்து, "எடுத்துட்டுப் போ, நான் எதையும் பாக்கல" என்றார். அந்தக் கம்பெனியில் ரெஜிஸ்டரில் ஏறாமல் நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான். காதிலுள்ள நம்பரே இன்றுவரை பெயர்: ஏழு, பத்தொன்பது, நாற்பது. ஏழு மற்றவர்களின் பங்கையும் தின்னும். பத்தொன்பது குழாய்க்குள் ஒளிந்துகொண்டு உலகம் முடியட்டும் என்று காத்திருக்கும். நாற்பது நாள் முழுக்கப் பேசும்.

என்னை வேலையை விட்டு நீக்கியது குறித்து நான் கொடுத்த புகாரை, திங்கள்கிழமை நான் போய் நிற்காவிட்டால் தொழிலாளர் அலுவலர் ஒருதலையாக முடித்துவிடுவார். ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிவைத்தாயிற்று. அவர் இருக்கும் ஊருக்கு விடிகாலை ரயிலில் எட்டு மணி நேரம். ஆகவே ஆள் தேடத் தொடங்கினேன். முதலில் வீட்டுக்காரரிடம் மரியாதையாகச் சொல்லிவிடலாம் என்று போனேன். அவர் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு, "பன்னி வளக்கறது அக்ரிமெண்ட்ல இல்லையேம்மா" என்றார். "பன்னி இல்ல சார், எலி வகை" என்றேன். அந்த நிமிடம் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும். "எலியா? அத மொதல்லயே சொல்லக் கூடாதா? மருந்து என்கிட்டயே இருக்கு, நானே வச்சுடறேன்" என்று எழுந்தே விட்டார். அவரை உட்கார வைப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது, மீதியை எடுத்துக்கொண்டு செல்லப்பிராணி மருத்துவமனைக்குப் போனேன். வெளியூர் போகிறவர்கள் விட்டுவிட்டுப் போகலாம் என்று வாசலில் பெரிய போர்டு. கம்ப்யூட்டரின் முன் இருந்த பெண் தலையைத் தூக்காமல், "நாயா, பூனையா?" என்றாள். "கினிப்பன்றி." "சரி, நாயா பூனையா?" "ரெண்டும் இல்லைங்க." "இதுல ரெண்டு கட்டம்தாங்க இருக்கு. எதையாவது தொட்டாத்தான் அடுத்த பக்கம் போகும்." கொஞ்சம் இரக்கப்பட்டு, "சின்ன நாய்னு போட்டுக்கறேன். வெறிநாய் ஊசி போட்ட சீட்டு கொண்டு வந்திருக்கீங்களா?" என்றாள். சின்ன நாய் என்று பதிவானால் காலையும் மாலையும் கழுத்துப்பட்டை கட்டி நடக்கக் கூட்டிப்போவார்களாம், தின்ன எலும்பு பிஸ்கட்டாம். நாற்பதைக் கயிற்றில் கட்டி யாரோ தெருவில் இழுத்துப்போகும் காட்சி கண்ணில் வந்து நின்றது. உள்ளறையில் ஒரு நிஜ நாய் குரைத்தது. பத்தொன்பதுக்கு உயிர் போக அந்தச் சத்தம் ஒன்று போதும், படிவம் தேவைப்படாது. திரும்பி வந்துவிட்டேன்.

பிறகுதான் என் வரிசை வீட்டிலேயே மூன்று பேரைப் பிடித்தேன். கீழ் அறையில் சட்டை ஃபேக்டரியில் செக்கராக இருக்கும் அக்கா, எதிர் அறையில் செக்யூரிட்டி அண்ணன், மூலையில் லிஃப்ட் மெக்கானிக். மூவருக்கும் மூன்று ஷிஃப்ட், ஆகவே யாராவது ஒருவர் எப்போதும் இருப்பார். விலங்குக்கூடத்தில் வேலை பார்த்தவள் வேறு எப்படிச் செய்வாள்? ஒரு நோட்டில் கோடு போட்டு, நான்கு நாள், மூன்று வேளை, பன்னிரண்டு கட்டம் வரைந்தேன். காய்ந்த புல் எந்நேரமும் கூண்டில் இருக்க வேண்டும். ஒரு நாள் தின்னாமல் கிடந்தால் குடல் நின்றுவிடும், அப்புறம் டாக்டர் வந்தும் பிரயோஜனம் இல்லை. தினமும் காலையில் ஆளுக்கு ஒரு துண்டு கொய்யா அல்லது குடைமிளகாய், ஏனென்றால் மனிதனைப் போலவே இவற்றின் உடம்புக்கும் வைட்டமின் சி தானாகச் செய்துகொள்ளத் தெரியாது. தண்ணீர்ப் புட்டியின் முனையில் இருக்கும் குண்டு சிக்காமல் உருளுகிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். குளிப்பாட்டக் கூடாது. வெயில் படும் ஜன்னலுக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. செய்து முடித்ததும் கட்டத்தில் கையெழுத்து. இதையெல்லாம் சொல்லி, சாவியை அக்காவிடம் கொடுத்து, செவ்வாய்க்கிழமை ஒத்திகை பார்த்தேன். காலையில் கிளம்பிச் சாயங்காலம் திரும்பினேன். நோட்டைத் திறந்தால் பன்னிரண்டு கட்டத்திலும் கையெழுத்து. இன்னும் வராத புதன், வியாழன், வெள்ளிக்கும் சேர்த்து. நான் அளந்து டப்பாக்களில் போட்டு வைத்திருந்த தீனி மூடி திறக்காமல் அப்படியே இருந்தது.

மூவரையும் கூப்பிட்டுக் கேட்டேன். யாரும் மறைக்கவில்லை, அதுதான் வேடிக்கை. செக்யூரிட்டி அண்ணன், "ரோந்து புக்குல நாங்க அப்படித்தான் தங்கச்சி, டூட்டிக்கு வந்ததும் எட்டு மணி நேரத்துக்கும் போட்டுருவோம். நடுவுல பேனா தேட முடியாது பாரு" என்றார். அக்கா, "சட்டையில ஒடஞ்ச ஊசி இருக்கான்னு செக் பண்ண சீட்டுல மேஸ்திரி காலையிலேயே கட்டு கட்டா கையெழுத்து வாங்கிருவாரும்மா, அந்தப் பழக்கம் கைக்கு வந்துருச்சு" என்றாள். லிஃப்ட் மெக்கானிக்தான் கொஞ்சம் கோபப்பட்டார். "ஏன், லிஃப்டுக்குள்ள தொங்குற எங்க சர்வீஸ் கார்டு பாத்ததில்லையா? டிசம்பர் வரைக்கும் கையெழுத்து போட்டாச்சு. இதுவரைக்கும் ஒண்ணு விழுந்துருக்கா?" விழவில்லை என்று ஒப்புக்கொண்டேன். அன்றிலிருந்து எங்கே போனாலும் மாடிப்படியில்தான் ஏறுகிறேன்.

அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை மாமா. ஒரு மணி நேரத்துக்கு இருநூறு சட்டை பார்க்க வேண்டிய பெண் ஊசியைப் பார்ப்பாளா, உத்தரவைப் பார்ப்பாளா? நாலு கட்டடத்துக்கு ஒரே ஆளை நிறுத்திவிட்டு, மணிக்கொரு தரம் சுற்றி வா என்றால் கால் சுற்றுமா, தலை சுற்றுமா? பார்க்க நேரம் தர மாட்டார்கள், பார்த்ததாக எழுத மட்டும் பேனா தருவார்கள். அதை ஊர் முழுக்கப் பழக்கியவர்கள் மேல்தான் கோபம். அப்புறம், அந்தப் பழக்கத்தைப் புத்திமதி என்ற பெயரில் தன் அக்கா மகளுக்கு எடுத்துச் சொன்ன ஒரு ஸ்டோர் கீப்பர் மேல். அவர்களாவது களைத்துப்போய்க் கையெழுத்துப் போடுகிறார்கள். நீங்கள் முப்பத்தெட்டு உயிர் கருகி விழுந்த பிறகு, இன்னொரு கையெழுத்துப் போடு, எல்லாம் சரியாகிவிடும் என்கிறீர்கள். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, கம்பெனி உங்களை முறைக்கும் என்று பயப்படுகிறீர்கள். பயப்படுங்கள், அது உங்கள் உரிமை. அந்தப் பயத்தை என் கட்டிலில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: பன்றிக்குட்டிகளை நானே பார்த்துக்கொள்வேன். என்னோடு ரயிலில் வருகிறார்கள். மூன்று பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்து, துணியில் சுற்றிக் கூண்டின் மூலைகளில் வைக்கிறேன். நண்பகலுக்குள் ஐஸ் உருகிவிடுமே, பெட்டிக்குள் சூடு ஏறுமே என்று நீங்கள் சொல்ல வேண்டாம். அது எனக்குத் தெரியும். உங்களைவிட நன்றாகத் தெரியும், நான் பார்த்திருக்கிறேன். வழியில் எந்த ஸ்டேஷனில் ஐஸ் கிடைக்கும் என்று பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிறேன், இரண்டு பெயருக்கு மேல் நகரவில்லை. இருந்தாலும், வாயில்லா ஜீவனைப் பற்றிக் கொஞ்சமும் நெஞ்சில் ஈரமில்லாத மனிதர்களின் வாசலில் போய் நிற்பதைவிட அது மேல். உங்கள் வீட்டின் பின்னறை வடக்குப் பார்த்தது, நாள் முழுக்கக் குளுகுளுவென்று இருக்கும் என்பது எனக்கு நினைவிருக்கிறது. அதற்காக வந்து கேட்பேன் என்று கனவிலும் எண்ண வேண்டாம். நீங்கள் வைத்துவிட்டுப் போன தாள் கூண்டுக்குள் விரிக்கப்பட்டது. ஏழு அதன் மேல் தன் முடிவைத் தெளிவாகத் தெரிவித்துவிட்டது.

மாமியின் முழங்கால் வலி சீக்கிரம் தீரட்டும். சின்னவள் பெரியவரை வாழ்த்தக் கூடாது என்பார்கள், இருந்தாலும் வாழ்த்துகிறேன்: நீங்கள் ஏறும் லிஃப்ட் எதுவும் நடுவில் நிற்காமல், நீங்கள் போடும் சட்டை எதிலும் ஊசி இல்லாமல், ஓய்வு பெறும் நாள்வரை சௌக்கியமாக இருங்கள்.

இப்படிக்கு,
கையெழுத்துப் போட மறுக்கும்
உங்கள் அக்கா மகள்

பின்குறிப்பு: மேலே உள்ள கையெழுத்தைப் போட்டு, பசை தடவிக்கொண்டிருந்தபோது செக்கர் அக்கா இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தாள். உறையில் உங்கள் பெயரைப் பார்த்துவிட்டு, "மாமாவுக்கா? நல்ல மனுசன்மா" என்றாள். எந்த மாமா என்று கேட்டேன். செவ்வாய்க்கிழமை மதியம் நீங்கள் வந்து அவளிடம் சாவி வாங்கினீர்களாம். தாளை வைத்துவிட்டு உடனே போகவில்லையாம். மூன்றும் கத்துவதைக் கேட்டுவிட்டு, உங்கள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, அதிலிருந்த வெள்ளரிக்காயை எல்லாம் எடுத்துத் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஊட்டினீர்களாம். மூட்டையிலிருந்து புல்லை அள்ளிப் போட்டு, புட்டியைக் கழுவித் தண்ணீர் நிரப்பி, ஜன்னல் வெயில் கூண்டை எட்டுவதற்குள் அதை இன்னும் உள்ளே இழுத்து வைத்தீர்களாம். கடைசியில் அழுதீர்களாம் என்கிறாள், அது அவள் சேர்த்ததாக இருக்கலாம். "அவர்தான் பாத்துக்கிட்டாரே, அப்புறம் நான் எதுக்குன்னு நோட்டுல மட்டும் போட்டுட்டு விட்டுட்டேன். உன்கிட்ட சொல்ல வேணாம்னாரு."

கூண்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். விடிகாலை ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது, உங்கள் வீடு வழியில்தான். தீனி விவரமெல்லாம் இந்தக் கடிதத்திலேயே இருப்பதால் இதைக் கிழிக்க முடியவில்லை. நடுவில் உங்களைப் பற்றி எழுதியிருப்பதைத் தாண்டிப் படியுங்கள். வெள்ளரிக்காய் அவ்வளவு கொடுக்காதீர்கள், வயிறு போகும். புகாரைத் திரும்பப் பெற மாட்டேன். இவர்களைக் கூட்டிப்போக நான் திரும்பி வரும்போது இரவாகிவிடும், வாசல் விளக்கைப் போட்டு வையுங்கள், மாமா.