நல்ல சில்லையும் கழற்றிய பேரிங் அண்ணை

உலகத்தில் எந்தச் சில்லையும் நல்ல சில்லு என்று ஒப்புக்கொள்ளாத ஒரே மனிதர் எங்கள் பேரிங் அண்ணைதான். புத்தம்புதுச் சைக்கிளைக் காட்டினாலும் பின்சில்லைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி, காதைக் கிட்டக் கொண்டுபோய், "உது கனநாள் ஓடாது" என்று சொல்லிவிட்டுப் போவார். ஒரு கலியாண வீட்டில் மாப்பிள்ளை வந்திறங்கிய காருக்கும் அதே தீர்ப்புத்தான். பெண் வீட்டார் கும்பிட்டு மன்றாடி அவரைச் சாப்பாட்டுப் பந்தலுக்குள் தள்ளினார்கள்.

வண்டிச் சில்லுகளுக்குப் பேரிங் மாற்றுவது அவர் தொழில்; அதுவே பெயராகிவிட்டது. அவருக்கென்று ஒரு சொந்தப் பெயரும் இருந்திருக்க வேண்டும். நான் கேட்டதில்லை. கேட்டால் அரை நாள் போய்விடும் என்ற பயம்.

தொண்டைமானாற்றில் என் மச்சானுக்கு ஒரு ஃபைபர் படகு இருக்கிறது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் மீன் வருவது அதில்தான். அதைக் கடலில் இறக்கி ஏற்ற ஒரு ட்ரெயிலர். ஒவ்வொரு முறையும் அதன் இரண்டு சில்லும் உப்புத் தண்ணீரில் அமிழ்ந்து எழும்பும். பேரிங் என்ன செய்யும், பாவம்? துருப்பிடித்து, தேய்ந்து, அழத் தொடங்கும். அது அழுதால் அண்ணையைக் கூப்பிட வேண்டும். அதை நினைத்தால் எங்களுக்கும் அழுகை வரும்.

போன மாரியில் புயல் அறிவித்தல் வந்தது. படகுகளைக் கரையை விட்டு உள்ளே கொண்டுபோகச் சொன்னார்கள். அயலவர்கள் எல்லாம் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். உழவு இயந்திரத்தில் கொழுவி இழுத்த எங்கள் ட்ரெயிலரின் இடப்பக்கச் சில்லு கிறீச்சென்று கத்தி, வெறிகாரனைப் போல ஆடி, அப்படியே நின்றுவிட்டது. மச்சான் ஓடிப்போய் அண்ணையைக் கூட்டி வந்தார்.

அண்ணை முதலில் கடலைப் பார்த்தார். "உது புயலில்லைத் தம்பி, சும்மா காத்து."

சொல்லி முடிக்கவில்லை, பக்கத்துக் கொட்டிலின் தகரம் ஒன்று எங்கள் தலைக்கு மேலால் பறந்து போனது.

"கொஞ்சம் பெரிய காத்து," என்றார்.

சில்லைக் கழற்றினால், உள்ளே இருந்த கிறீஸ் உப்புத் தண்ணீர் கலந்து பால் தேத்தண்ணியாக வழிந்தது. பழைய பேரிங்கைத் தட்டி எடுத்து, மண்ணெண்ணெயால் கழுவி, துடைத்து, திருப்பியும் கழுவினார். பிறகு உள்ளங்கையில் கிறீஸை எடுத்து, பிள்ளைக்குச் சோறு தீத்துவது போலப் புதுப் பேரிங்குக்குத் தீத்தினார். மழை தொடங்கிவிட்டது. சில்லு பூட்டியாயிற்று. மச்சான் உழவு இயந்திரத்தில் ஏறி உட்கார்ந்தும் விட்டார். அண்ணையோ ஜாக்கைத் தூக்கிக்கொண்டு மற்றப் பக்கம் போனார்.

"அண்ணை, அந்தச் சில்லு சத்தமே போடேல்லை!"

"சத்தம் போடாததுதான் தம்பி வில்லங்கம்."

"கடல் ஏறி வருது அண்ணை!"

"வரட்டும். நான் வேலையிலை நிக்கிறன்."

கழற்றினார். உள்ளே பேரிங் கண்ணாடி போல மினுங்கியது. என் வாழ்நாளில் அப்படியொரு நல்ல பேரிங்கை நான் கண்டதில்லை.

"உங்களுக்கென்ன விசரோ?" மச்சான் தொண்டை கிழியக் கத்தினார். "நல்லதைப் போய்க் கழட்டி வைச்சிருக்கிறியள்!"

"நல்லதெண்டு கழட்டினால்தானே தெரியும்," என்றார் அண்ணை. குறை ஒன்றும் கிடைக்காத கவலை அவர் முகத்தில் தெரிந்தது.

திரும்பப் பூட்டும்போது, மரையைக் கழலாமல் பிடிக்கும் சின்னக் கம்பி ஊசி மணலில் விழுந்தது. வளர்ந்த மூன்று ஆம்பிளைகள் கொட்டும் மழையில் முழங்காலில் நின்று மணலை அளைந்தோம். கடைசியில் அது மச்சானின் முழங்காலில் குத்தித்தான் அகப்பட்டது.

ஒருவழியாகப் புறப்பட்டோம். "ஏறுங்கோ அண்ணை," என்றேன்.

"நீங்கள் போங்கோ. சில்லு சூடு பிடிக்குதோ எண்டு நான் பாக்க வேணும்."

ட்ரெயிலருக்குப் பக்கத்தில் நடந்தபடியே, குனிந்து குனிந்து சில்லின் நடுவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். மனிதர் நடக்கும் வேகத்துக்கு மேலே மச்சானால் ஓட்ட முடியவில்லை. பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்துக் களைத்துப் போனார்கள். படகு தப்பியது. அண்ணைக்குக் காய்ச்சல் பிடித்தது. கஞ்சி கொண்டுபோன என்னிடம், "ட்ரெயிலரை நல்ல தண்ணியிலை கழுவினியளோ?" என்று கேட்டு ஏசினார்.

இப்போது அவருக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை நடந்திருக்கிறது. கொஞ்ச நாளைக்குக் குனியக் கூடாதாம். ட்ரெயிலர் மறுபடியும் அழத் தொடங்கிவிட்டது. பருத்தித்துறையில் உடனே பேரிங் மாற்றிக் கொடுக்க ஆள் இருக்கிறது என்று மச்சானிடம் சொன்னேன். அவர் படகைத் தார்ப்பாய்ப் படங்கால் மூடி, இறுக்கிக் கட்டினார்.

"வேறை ஆரும் கழட்டினால் மனுசன் தாங்காது," என்றார்.

எங்கள் இரண்டு வீட்டிலும் இப்போது மரக்கறிச் சாப்பாடுதான்.