ரொக்கத் தண்ணீர்

சர்வதேச வங்கியாளரும் மக்கள் தொண்டருமான திரு. ரெமிஜியஸ் அவர்கள், வேதாரண்யம் பக்கத்தில் கடைமடையில் இருக்கும் எங்கள் ஊரில்தான் பிறந்தார். ஐந்தாம் வகுப்பு வரை நாங்கள் ஒரே பெஞ்சு. மாதா கோயில் திருவிழா ஓட்டப்பந்தயத்தில் நான் முதலில் வந்தேன். மெடல் குத்த என் மேல் சட்டை இல்லை என்பதால், சாமியார் அதை ரெமிஜியஸ் சட்டையில் குத்திவிட்டார். நான் அதோடு படிப்பை நிறுத்திக்கொண்டேன். அவர் நிறுத்தவில்லை.

லண்டன், சிங்கப்பூர், ஜெனீவா என்று முப்பது வருஷம் வங்கிகளில் இருந்தார். ஒரு நாட்டின் கடனை இன்னொரு நாட்டின் தலையில் மாற்றி வைப்பது அவருடைய வேலை. இரண்டு நாடுகள் திவாலானதும் பதவி உயர்வு கொடுத்தார்கள். மூன்றாவது நாடு முந்திக்கொண்டு அவரை அனுப்பிவிட்டது. அப்போதுதான் அவருக்குத் தாய்நாட்டின் நினைவு வந்தது.

ஊருக்கு வந்தவர் காலைச் செய்தி கேட்டிருக்கிறார். அணையின் நீர் இருப்பு இவ்வளவு, வரவு இவ்வளவு என்று வாசித்திருக்கிறார்கள். "இருப்பும் வரவும் இருந்தால் அது வங்கிதானே? அதை ஏன் பொறியாளர்களிடம் விட்டு வைத்திருக்கிறீர்கள்?" என்று அரசாங்கத்தைக் கேட்டார். அரசாங்கத்துக்குப் பதில் தெரியவில்லை. ஆகவே அவரையே கடைமடைப் பாசனத் தனி ஆணையராகப் போட்டுவிட்டது.

அந்த வருஷம் புரட்டாசியில் என் நாற்றங்கால் பழுத்துக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு வாரம் தண்ணீர் வராவிட்டால் நாற்று கருகிவிடும், சம்பா போய்விடும். எனக்கு வேறு பிழைப்பு கிடையாது. வாய்க்காலில் ஆடுகள் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தன. அப்போது செல்போன் கூவியது. 'அன்புள்ள வாடிக்கையாளரே, தங்கள் வாய்க்காலில் நீர் வரவு வைக்கப்பட்டது. வாழ்த்துகள்.'

பக்கத்து வயல் இராஜாங்கம் ஓடி வந்தான்.

"உனக்கு எவ்வளவு வந்திருக்கு?"

"முக்கால் அடி."

"எனக்கு ஒரு அடி!" என்று சொல்லிவிட்டு, காய்ந்த வரப்பில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தான். தண்ணீருக்குள் நடக்கிறானாம்.

வீட்டுக்கு வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டேன். "உங்க கணக்குல வரவு வச்சிட்டேன், பாத்துக்குங்க" என்றாள் என் மனைவி அமலோற்பவம்.

மறுநாள் பாசன அலுவலகத்துக்குப் போனேன். உதவிப் பொறியாளர் இசைவாணி நல்ல பெண். உட்காரச் சொன்னது.

"தண்ணி வரலைங்கம்மா."

"வந்துடுச்சே ஐயா. இங்க காட்டுது பாருங்க."

"வாய்க்கால்ல இல்லையேம்மா."

"வாய்க்கால்ல இருந்தா அது ரொக்கத் தண்ணி. இது கணக்குத் தண்ணி. இப்பல்லாம் யாருங்கய்யா ரொக்கம் வச்சிக்கிறாங்க?"

"சரி, கணக்குல இருக்கறதையாவது எடுத்துக் குடுங்க."

"முடியாதுங்களே. உங்க வாய்க்கால்ல குறைஞ்சபட்ச இருப்பு இல்ல. அபராதமா முக்கால் அடியும் பிடிச்சாச்சு. வாரிசு வேற பதியல."

"வாய்க்காலுக்கு வாரிசா?"

"யாராவது ஒருத்தர் வேணும்யா."

"வடிகால்னு போட்டுக்கம்மா."

இசைவாணி அதையும் பதிந்துகொண்டது.

அந்த நேரம் பார்த்து ஆணையரே ஆய்வுக்கு வந்து இறங்கினார். என்னைப் பார்த்ததும் கட்டிப்பிடித்தார்.

"இருதயசாமி! எப்படி இருக்க?"

"நாத்து கருகுதுங்க. தண்ணிய நான் கண்ணால பாக்கணும்."

"அதான் தப்பு. முப்பது வருஷம் வங்கியில இருந்தேன். பணத்தக் கண்ணால பாத்ததே இல்ல."

"சோறு சாப்பிட்டீங்கல்ல?"

"சாப்பிட்டேன்."

"அதையாவது கண்ணால பாத்தீங்களா?"

அவர் சிரித்தார். பெரிய மனிதர், கோபப்படவில்லை. "உனக்காகக் கடன் தண்ணி தர்றேன். ஆனா ஈடு வேணும். என்ன வச்சிருக்க?"

"என்கிட்ட என்ன இருக்கு?"

"ஐப்பசி மழை இருக்கே. அத எழுதிக் குடு."

வானத்தில் இருப்பதை எழுதிக் கொடுப்பதில் எனக்கு என்ன நஷ்டம்? கையெழுத்துப் போட்டேன். நாலாம் நாள் வாய்க்காலில் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. நாற்றைப் பிடுங்கி நட்டேன். பயிர் பச்சை பிடித்தது. ரெமிஜியஸ் மேல் இருந்த பழைய கோபத்தில் பாதியை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

ஐப்பசி பிறந்தது. வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. என் வயல் தாழ்ந்த வயல். இளம்பயிர் மூழ்கி, தண்ணீருக்கு மேல் கொக்குகள் மட்டும் தெரிந்தன. நிவாரணம் கேட்டு மறுபடியும் அலுவலகத்துக்குப் போனேன்.

"எந்த மழையில மூழ்குச்சுங்கய்யா?"

"ஐப்பசி மழையிலதாம்மா."

"அது உங்க மழை இல்லையே. ஈடு வச்சிட்டீங்க. அரசாங்கத் தண்ணி உங்க வயல்ல நிக்குது. அத அனுமதியில்லாம வச்சிருக்கறதுக்கு நாங்கதான் உங்க மேல நடவடிக்கை எடுக்கணும்."

"அய்யோ, எடுத்துக்கிட்டுப் போங்கம்மா! இன்னைக்கே இறைச்சிட்டீங்கன்னா பாதிப் பயிராவது பொழைக்கும்."

இசைவாணி கணினியைப் பார்த்தது. முகம் மலர்ந்தது.

"வேணாங்கய்யா. இறைச்சா உங்க இருப்பு குறைஞ்சிடும். இப்போதைக்குத் தாலுகாவிலேயே உங்க இருப்புதான் முதல். அதிக இருப்புக்குப் பரிசு குடுக்கற விழா வருது, அது முடியற வரைக்கும் பொறுங்க."

வெளியே மழை கொட்டியது.

"இராஜாங்கத்துக்கு எவ்வளவு?" என்றேன்.

"அவர் வயல் மேடு. கம்மிதான்."

பொறுத்தேன்.

விழா பந்தல் போட்டு நடந்தது. திட்டத்தின் மகத்தான வெற்றியைப் பாராட்டி ஆணையர் அவர்களை மேலிடத்துக்கு அழைத்துவிட்டார்களாம். இனி ரேஷன் அரிசி அவர் பொறுப்பு. நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்கள். மேடை ஏறினேன். சட்டை போட்டுக்கொண்டுதான் போயிருந்தேன். ரெமிஜியஸ் தன் கையாலேயே அதில் மெடலைக் குத்தினார். முதல் பரிசு.

வீட்டுக்கு வந்தேன். அமலோற்பவம் மெடலைப் பார்க்கவில்லை. "பயிர் அழுகின நாத்தம் வாசல் வரைக்கும் வருது" என்றாள்.

வரட்டும். இராஜாங்கத்துக்கு இரண்டாம் பரிசுகூட இல்லை.