பட்டை போட்ட ஆப்பிளும் பாழாய்ப்போன என் மூக்கும்

மயிலாப்பூரில் பிறந்த மூக்கு வேறு, திருவொற்றியூரில் பிறந்த மூக்கு வேறு. அங்கே மூக்கு என்பது மூச்சு விடவும் பூவை முகரவும். எங்களுக்கோ அது வானிலை அறிக்கை. காலையில் ஜன்னலைத் திறந்ததுமே, இன்றைக்கு அழுகிய முட்டையா, காய்ச்சிய தாரா, கருவாடா என்று சொல்லிவிடுவோம். அப்படிப்பட்ட மூக்குகளுக்கெல்லாம் தலைமை மூக்கு என்னுடையது. இது நானே சொல்லிக்கொண்டதல்ல. (சரி, நானேதான் சொல்லிக்கொண்டேன். ஆனால் தெருவில் ஒருவரும் மறுக்கவில்லை.)

அந்தத் தகுதியில்தான் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவுக்கு நான் அட்மின். ரயில் பாதைக்கு மேற்கே ஒரு தொழிற்சாலை இருக்கிறது, பெயர் வேண்டாம். வாரத்தில் சில நாள் அங்கிருந்து தொண்டையைச் சுரண்டும் ஒரு நாற்றம் கிளம்பும். எங்கள் மாடியில் குடியிருக்கும் காசிம் பாயின் மகள் ஷப்னத்துக்கு இளைப்பு உண்டு. நாற்றம் வந்தால் அந்தப் பிள்ளை உட்கார்ந்தபடியேதான் தூங்கும். அதனால் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் புகார் கொடுத்தோம். விசாரிக்க ஒரு பெண் அதிகாரி வந்தார். அவர் வந்த அன்று காற்று ஊட்டி மாதிரி இருந்தது. மறுபடி கூப்பிட்டோம், மறுபடியும் ஊட்டி.

"சார், நாத்தம் அடிக்கும்போதே கூப்பிடுங்க. அடுத்த தடவையும் ஒண்ணும் இல்லைன்னா ஃபைலை மூட வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆக, எங்களுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு அழைப்பு. அதைச் செய்யும் பொறுப்பு தலைமை மூக்குக்கு.

இந்த நேரம் பார்த்து எனக்குக் குடலிறக்க ஆபரேஷன். (எந்த இடத்தில் என்று கேட்காதீர்கள். பார்க்க வந்த அத்தனை பேரும் கேட்டுவிட்டார்கள்.) கேட்டவர்கள் சும்மா வரவில்லை, ஆளுக்கொரு பை ஆப்பிளோடு வந்தார்கள். ஃப்ரிட்ஜில் பால் பாக்கெட் வைக்க இடமில்லை. பழங்களுக்குத் தோல் சுருங்கி, என் பெரியப்பா ஜாடை வந்துவிட்டது.

"ஒண்ணு துன்னு தீரு, இல்ல கொண்டாந்தவங்களுக்கே திருப்பி அனுப்பு" என்றாள் என் மனைவி மல்லிகா. அன்று மதியம் வண்ணாரப்பேட்டைக்குத் துணி எடுக்கக் கிளம்பியவள், செருப்பை மாட்டியபடியே உத்தரவு போட்டாள். "மாடில துணி காயுது, எடுத்து வை. கிச்சன் பக்கம் போவாத. புது நான்ஸ்டிக் கடாயத் தொட்ட, தையல் பிரிஞ்சிடும்."

"கடாயத் தொட்டா தையல் எப்டி பிரியும்?"

"நான் பிரிப்பேன்."

அவள் ஆட்டோ தெருமுனை திரும்பியதும் நான் கடாயை எடுத்தேன்.

செல்போனில் ஒரு அம்மாள், என் வீட்டைவிடப் பெரிய சமையலறையில் நின்று செய்து காட்டினார். ஆப்பிளைத் தோல் சீவி நறுக்கி, வெண்ணெயில் புரட்டி, சர்க்கரையும் அரை ஸ்பூன் பட்டைத் தூளும் போட்டு, மூடி, சிறு தீயில் வேகவிட வேண்டுமாம். அரை ஸ்பூனா? பிரியாணி தின்று வளர்ந்த ஊரைப் பார்த்து அரை ஸ்பூனா? டப்பாவில் இருந்த பட்டை மொத்தத்தையும் மிக்சியில் போட்டு அரைத்தேன். வெண்ணெய்க்குப் பதில் நெய். சர்க்கரை குத்துமதிப்பாக. பிறகு அடுப்பைச் சிம்மில் வைத்தேன். (அந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்பினால் தீ குறையும் என்பதில் எனக்கும் அடுப்புக்கும் கருத்து வேறுபாடு இருந்தது பின்னால்தான் தெரிந்தது.)

"அவ்வப்போது கிளறினால் போதும்" என்றார் அம்மாள். நான் துறைமுகத்தில் சரக்கு எடுத்துக் கொடுக்கும் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்ப்பவன். எங்கள் அகராதியில் 'அவ்வப்போது' என்றால் டீ குடித்துவிட்டு வந்த பிறகு. எனவே நிம்மதியாக மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனேன்.

அங்கே காசிம் பாய் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா நைனா, வயிறு எப்டி கீது?"

வயிற்றைப் பற்றி விரிவாகச் சொன்னேன். அரசியல் பேசினோம். கிரிக்கெட் பேசினோம். நடுவில் பாய் மூக்கைச் சுருக்கினார்.

"நைனா, இன்னாமோ ஸ்மெல் வருது பாரு. தித்திப்பா கீது. வெல்லம் கருகுனா மாரி."

முகர்ந்தேன். என் வாழ்நாள் அனுபவம் முழுவதும் ஒரே நொடியில் மூக்கு நுனிக்கு வந்தது.

"வெல்லமா? பாய், இதுல நீ இன்னும் கத்துக்குட்டி. இது கெமிக்கலு. தித்திப்பா வர்றதுதான் ரொம்ப டேஞ்சரு."

"காத்து கடல் பக்கத்துலேந்து வருது. கம்பெனி அந்தாண்ட இல்ல கீது?"

"அதான் அவன் மூள. சுத்தி அனுப்புறான்!"

பாய் அதற்குமேல் வாதாடவில்லை. மகளைத் தூக்கக் கீழே ஓடினார். நான் அதிகாரிக்கு போன் போட்டேன். "மேடம், வந்துடுச்சு மேடம்! ஓடி வாங்க!" எண்ணூரில் வேறு வேலையாக இருந்தவர், உடனே கிளம்புவதாகச் சொன்னார். அடுத்து குழுவில் செய்தி போட்டேன்: 'கம்பெனிக்காரன் திறந்துவிட்டான். எல்லோரும் வெளியே வரவும். மூக்கில் ஈரத்துணி கட்டவும். எரியும் அடுப்புகளை உடனே அணைக்கவும்.'

தெரு கட்டுப்பாடானது. அத்தனை அடுப்பும் அணைந்தது, ஒன்றைத் தவிர.

கையில் கிடைத்த மல்லிகாவின் நைட்டியைத் தண்ணீரில் முக்கி மூக்கில் கட்டிக்கொண்டு, தையல் போட்ட இடத்தை ஒரு கையால் தாங்கியபடி இறங்கி ஓடினேன். வாசலில் நின்று திரும்பினால், எங்கள் சமையலறை ஜன்னலிலிருந்து கரும்புகை.

"அய்யய்யோ, வூட்டுக்குள்ளயே பூந்துடுச்சு!" என்று அலறினேன். ஜனம் சிதறியது. எல்லோருக்கும் முன்னால் சிதறியவன் நான்.

ஜீப் வந்தது. அதிகாரி இறங்கி மேற்கே பார்த்தார், கிழக்கே பார்த்தார், பிறகு நேராக என் வீட்டு ஜன்னலைப் பார்த்தார்.

"உள்ள யாராவது இருக்காங்களா?"

"விஷவாயுதான் மேடம் இருக்கு."

கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். திருகு திரும்பும் 'டக்' சத்தம் தெருவரைக்கும் கேட்டது. வெளியே வந்தபோது அவர் கையில் கடாய். அதற்குள் சாலை போட்டு மிச்சம் வைத்த தார் மாதிரி ஒன்று.

"சார், இது என்ன?"

"ஆப்பிள் மேடம்."

"பட்டை போட்டீங்களா?"

"லேசா."

ஒவ்வொருவராக ஈரத்துணியை அவிழ்த்தார்கள். "அட கஸ்மாலம்" என்று காசிம் பாய் சொன்னது பிரார்த்தனை மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்து மல்லிகாவின் ஆட்டோ வந்து நின்றது. முதலில் என் முகத்தைப் பார்த்தாள்.

"என் நைட்டிய மூஞ்சில கட்டிகினு நடுத்தெருவுல இன்னாய்யா பண்ணிகினு கீற?"

அப்புறம் கடாயைப் பார்த்தாள். அதன்பின் அவள் சொன்னவற்றை அச்சில் ஏற்ற முடியாது.

அதிகாரி கடாயைத் தரையில் வைத்துவிட்டு ஃபைலை எடுத்தார். "மன்னிக்கணும். நான் முன்னாடியே சொல்லியிருந்தேன்" என்று பேனாவைத் திறந்தார். பாயின் தோளில் சாய்ந்திருந்த ஷப்னம் இரண்டு முறை இருமினாள். எந்த இடத்திலும் ஒரு ஜோக் அடித்துத் தப்பித்துவிடுபவன் நான். அன்று நைட்டியை அவிழ்த்து, சுருட்டி, முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் ஒரு பைக் சீறிக்கொண்டு வந்தது. தொழிற்சாலை சூப்பர்வைசர். என் செய்தியை யாரோ அவருக்கும் அனுப்பியிருக்கிறார்கள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அதிகாரியிடம் ஓடினார்.

"மேடம், சத்தியமா இது நாங்க இல்ல! அநியாயமா சொல்றாங்க! நாங்க பகல்ல தொறக்கறதே இல்ல மேடம், ராத்திரிதான் தொறப்போம்!"

அதிகாரியின் பேனா நின்றது.

"எதை?" என்றார்.

சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். கடாயைப் பார்த்தார். ஹெல்மெட்டின் கண்ணாடியை மெதுவாக இறக்கி மூடிக்கொண்டார்.

"எதைத் தொறப்பீங்க?" என்று மறுபடி கேட்டுவிட்டு, அதிகாரி ஃபைலில் புதுப் பக்கம் திருப்பினார்.

பிறகு நடந்ததெல்லாம் அரசாங்கக் காரியம். மெதுவாக நடந்தது, ஆனால் நடந்தது. ஷப்னம் இப்போதெல்லாம் படுத்துத் தூங்குகிறாள். 'எல்லாம் என் திட்டம்' என்று நான் சொல்லிப் பார்த்தேன். தலைமை மூக்குப் பதவி போனது போனதுதான்.

தெருவில் புதுச் சட்டமும் வந்துவிட்டது. எந்த நாற்றம் வந்தாலும் குழுவில் முதல் செய்தி மல்லிகாவுடையதாக இருக்க வேண்டும்: 'எங்க வீட்டு அடுப்பு அணைஞ்சிருக்கு. இனி மத்தவங்க பேசலாம்.' அது வரும்வரை ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. போன வாரம் கால்வாய்ப் பக்கம் ஏதோ வாடை என்று அதிகாரிக்கு போன் செய்தேன். என் குரலைக் கேட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி:

"வீட்டம்மா ஓகே சொல்லிட்டாங்களா சார்?"

"சொல்லிட்டாங்க மேடம்" என்றேன், சமையலறையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு.