ரைஸ்மில் களத்தில் ஐஸ் கோச்

உலகத்திலேயே தலைசிறந்த ஐஸ் ஹாக்கி கோச் ஒரு வலங்கைமான்காரர்தான். வேறு கோச் யாரையும் எனக்குத் தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்து வீட்டுக்காரரே யோசிப்பார். 'ஐஸ் கோச்' என்றால் தெருவே கைகாட்டும்.

வளைகுடாவில் ஒரு மாலின் பனித்தளத்தில் வாடகை ஷூ எடுத்துக் கொடுக்கப் போனவர், பார்த்துப் பார்த்தே ஆட்டம் கற்று, அங்கேயே ஓர் அணிக்குச் சம்பளக் கோச் ஆனார். அந்தத் தளத்தை மூடியதும் ஊர் திரும்பினார். எங்கள் ரைஸ்மில் முதலாளிக்கு என்ன தோன்றியதோ, மில்லில் வேலை பார்க்கும் பெண்களுக்குக் கோச்சாக அவரை வைத்துவிட்டார். பனிக்கு எங்கே போவது? நெல் காயவைக்கும் சிமென்ட் களம்தான். காலில் சக்கர ஷூ. சக்கரத்தில் ஒரு நெல் மாட்டினால் போதும், களத்துக்கு சாஷ்டாங்க நமஸ்காரம்.

நான் மில் ஆபீஸில் பில் போடுபவள். கணவர் விபத்தில் போய் ஒரு வருடமாகியும் யாரோடும் பேச்சில்லை. ஒருநாள் கோச் என் மேசையில் கோல்கீப்பரின் முகமூடியைக் கொண்டுவந்து வைத்தார்.

"கோல் நிக்க ஆள் வேணும் மேடம். இதுக்குள்ள அழுதாலும் வெளிய தெரியாது."

என் மாமியார் பதறிப்போனார். வீட்டுக்கு வந்த கோச்சிடம், "ஊரு என்னங்க சொல்லும்?" என்றார்.

"விழுந்துட்டாங்கன்னு சொல்லும்மா. தெனம் விழுவாங்க. நெசம்தானே?"

மாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள், அடிபட்ட இடத்தில் தேய்க்க எனக்காக எண்ணெய் காய்ச்சி வைத்திருந்தார்.

"மடை ஒடையுது மேடம், அடைங்க, அடைங்க!" என்று கோச் களத்தில் கத்துவார். முதலில் முகமூடிக்குள் அழத்தான் செய்தேன். பிறகு அதற்கு நேரமில்லை. ரப்பர் வட்டு வந்துகொண்டே இருந்தது.

டெல்லிப் பக்கம் ஒரு போட்டிக்குப் போனோம். நிஜப் பனியில் கால் வைத்ததும் எல்லோரும் பிறந்த கன்றுக்குட்டி ஆனோம். நான் வாங்கிய கோல்களை எண்ணக்கூட விருப்பமில்லை. கடைசியில் ஒன்றைத் தடுத்தேன். உண்மையில் அது என் வயிற்றில் வந்து மோதியது.

கோச் செருப்போடு பனிக்குள் ஓடிவந்தார். வழுக்கி விழுந்து, எழுந்து, எதிரணிக் கோச்சைப் பார்த்துத் தமிழிலேயே கூவினார்: "பாத்தீங்களா சார்? எங்க மேடம் புடிச்சாங்க, பாத்தீங்களா?"

அந்த மனிதருக்கு ஒரு சொல்கூடப் புரிந்திருக்காது. எழுந்து நின்று எனக்குக் கைதட்டினார். பிறகு எங்கள் கோச்சையே தன் மலையூருக்கு வேலைக்கு அழைத்துக்கொண்டார்.

களத்தில் இப்போது நான்தான் கத்துகிறேன். போன வாரம் கோச் போன் செய்தார். "மேடம், இங்க தண்ணிய மோந்து வச்சா கல்லாயிடுது. எனக்குக் குளிரே ஆவாது, யாருகிட்டயும் சொல்லிடாதீங்க."

யூடியூப் பார்த்து ஒரு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்கிறேன். ஒரு கை நீளமாகிவிட்டது. போட்டுக்கொள்வார்.