நீலக் கதவுக்குள் போய்வரும் அப்பாவைப் பற்றி

மதிப்பிற்குரிய பெரியப்பா அவர்களுக்கு,

தங்கள் தம்பியின் மகள் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம் என்று முதல் வரியிலேயே எழுத வேண்டும் என்பதை அறிவேன். நான் நலம். அம்மா நலம் போலத்தான் தெரிகிறது. அப்பாவைப் பற்றி எழுதுவதற்கு முன் தங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொள்கிறேன். குறைந்திருந்தால் மிகவும் நல்லது, ஏனென்றால் தாங்கள் உடனே புறப்பட்டு வர வேண்டியிருக்கும்.

எங்கள் தெருவைத் தாங்கள் கடைசியாகப் பார்த்தபோது தையல் கடை தையல் கடையாகவும் சைக்கிள் கடை சைக்கிள் கடையாகவும் இருந்தன. இப்போது இரண்டும் மது விற்கும் பார்கள். தையல் கடையில் கிட்டார், சைக்கிள் கடையில் டிரம்பெட். நான் பள்ளி விட்டு வரும் நேரத்தில்தான் அவை எல்லாம் கண் விழிக்கும். வாசலைக் கழுவி விடுவார்கள், பீப்பாய்களை உருட்டுவார்கள், நேற்றைய சுவரொட்டியின்மேலேயே இன்றையதை ஒட்டுவார்கள், நோயாளியை இறக்குவது போல நான்கு பேர் சேர்ந்து ஒரு வாத்தியப் பெட்டியை வண்டியிலிருந்து இறக்குவார்கள். எங்கள் பால்கனிக்கு நேர் எதிரே இருப்பது நீலக் கதவு. அதற்கு வேறொரு பெயர்ப்பலகை உண்டு, ஆனால் தெரு முழுக்க அதைக் கதவை வைத்துத்தான் அழைக்கிறது. மாலை ஆறு மணியானால் அங்கே கச்சேரி. முதல் மாதத்தில் அங்கே டிரம்ஸ் அடித்தால் இங்கே அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும், நான் சரித்திரம் படித்துக்கொண்டிருந்தால் ஒவ்வொரு போரும் உண்மையாகவே நடப்பது போல இருக்கும்.

இதை ஒழிக்கத்தான் எங்கள் கட்டடத்தில் அமைதிக் குழு அமைத்தார்கள். அப்பா தலைவர். கீழ்வீட்டுப் பல் டாக்டர் செயலாளர். அவருடைய பல் குடையும் இயந்திரம் காலை முதல் வீறிட்டுக்கொண்டிருப்பதை யாரும் தீர்மானத்தில் சேர்க்கவில்லை. அம்மாவும் மேல்மாடிக் கணக்கு டீச்சரும் உறுப்பினர்கள். கையெழுத்து அழகாக இருப்பதால் கூட்டக் குறிப்பு எழுதுவது நான், அதனால் நானும் உறுப்பினர். முதல் கூட்டத்திலேயே அப்பா எழுந்து நின்று, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒரு விதி சொன்னார்: குழுவினர் எவரும் நீலக் கதவுக்குள் காலடி வைக்கக் கூடாது, அவர்களோடு பேச்சும் கூடாது, மீறினால் அக்கணமே பதவி போகும். நான் அதற்கு அடிக்கோடு போட்டேன். "ரெண்டு கோடா போடும்மா" என்றார் அப்பா. போட்டேன். வரும் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில், நீலக் கதவின் இசை உரிமத்தை ரத்து செய்யச் சொல்லும் மனுவில் அவர் தலைவராகக் கையெழுத்திட வேண்டும்.

"எல்லாம் சரியா இருந்தா அங்கதான் முதல்ல கை வைக்கணும்" என்று தணிக்கை வேலையில் கற்ற பாடத்தைத் தாங்கள் எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். சில வாரங்களாக எங்கள் வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது. டம்ளர்கள் பேசுவதில்லை. போர்கள் புத்தகத்துக்குள்ளேயே நடக்கின்றன. டாக்டர் இதை மனுவின் பயம் என்கிறார். எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது, ஏனென்றால் மனு இன்னும் டாக்டரின் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது, இழுப்பறையில் இருக்கும் காகிதத்துக்கு எதிர்வீட்டுக்காரர்கள் எப்படிப் பயப்படுவார்கள்?

சந்தேகம் துண்டில் ஆரம்பித்தது, பெரியப்பா. துவைத்த துணியை வாழ்நாளில் ஒரு முறைகூடக் கொடியில் போட்டறியாத அப்பா, மாலை ஏழு மணிவாக்கில் பால்கனிக்குப் போய் ஒரு துண்டைத் தொங்கவிடுகிறார். சில நாள் பச்சைத் துண்டு, சில நாள் சிவப்புத் துண்டு. தொட்டுப் பார்த்தேன், ஈரமே இல்லை. சிவப்பைத் தொங்கவிட்டால் எதிரே நீலக் கதவு திறந்து, கழுத்தில் ஹெட்போன் மாட்டிய சவுண்டுக்கார அக்கா எட்டிப் பார்த்து, கட்டை விரலைக் காட்டிவிட்டு உள்ளே போகிறார். அடுத்தது காய்கறிக் கடை. நீலக் கதவில் டிரம்ஸ் அடிப்பவரைத் தெருவில் "இடி" என்றுதான் சொல்வார்கள். அவர் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்த அப்பாவிடம் வந்து, ஆசிரியரிடம் விடைத்தாளை நீட்டுவது போன்ற முகத்தோடு, "சார், நேத்து எப்படி?" என்று கேட்டார். அப்பா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "கட்டில் கால் இன்னும் லேசா ஆடுதுப்பா" என்றார். "சாரி சார், இன்னைக்குப் பாத்துக்கறேன்" என்று அவர் போய்விட்டார். எங்கள் வீட்டுக் கட்டில் ஆடினால் தச்சரிடம் சொல்லலாம். டிரம்ஸ் அடிப்பவரிடம் ஏன் சொல்ல வேண்டும்?

பிறகு மெத்தை. தாங்கள் வந்தால் படுக்கும் விருந்தாளி மெத்தையைக் காணவில்லை. அம்மாவிடம் கேட்டேன். "மொட்டை மாடியில வெயில்ல போட்டிருக்கேன்" என்றார். மறுநாளும் வெயிலில்தான் இருந்தது. அதற்கு அடுத்த வாரம் மழை பெய்தபோதும் வெயிலில்தான் இருந்தது. "மழை பெய்யுதேம்மா" என்றதற்கு, "உனக்குப் படிக்கற வேலை இல்லையா?" என்று கேட்டார். படிப்பில் நான் என்றைக்குப் பின்தங்கியிருக்கிறேன்? அந்தக் கேள்வியே சந்தேகத்துக்குரியது.

இன்று செவ்வாய்க்கிழமை. நூலகத்திலிருந்து திரும்பும்போது, கண்ணாடிக் கடையில் யாருக்காவது கண் சோதித்துக்கொண்டிருக்க வேண்டிய அப்பா, நீலக் கதவைத் தட்டாமலேயே திறந்துகொண்டு உள்ளே போனதைப் பார்த்தேன். போகக் கூடாது என்று இரண்டு கோடு போட்டவளே நான்தான். ஆனாலும் தலையை மட்டும் நீட்டலாம் என்று நினைத்தேன், தலை போன பிறகு மற்றதும் போய்விட்டது. உள்ளே நாற்காலிகள் எல்லாம் மேசைகளின்மேல் தலைகீழாக நின்றன. ஈரத்தரையும் எலுமிச்சைத் தோலும் கலந்த வாசனை. ஒரு திரைக்குப் பின்னால் நின்றுகொண்டேன். கூடத்தின் நடுவே, கவிழ்த்துப் போட்ட பெட்டியின்மேல் அப்பா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். மேடையில் ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தார். சவுண்டுக்கார அக்கா எதையோ திருகித் திருகி, "அண்ணா, இது தெளிவா, இல்ல இதுவா?" என்று கேட்டார், அப்பா கடையில் கேட்பாரே, அதே மாதிரி.

"மொதல்லது மங்கல். ரெண்டாவது பரவாயில்ல. இன்னும் கூட்டுங்க."

"கூட்டினா உங்க பில்டிங்ல கத்த மாட்டாங்களா?"

"அது என் பாடு. நீங்க கூட்டுங்க."

கையை வேறு மேலே தூக்கிக் காட்டினார். பாட்டு கூடியது. பெரியப்பா, அமைதிக் குழுவின் தலைவர், கூட்டச் சொல்கிறார்! அது போதாதென்று பாடகி மேடையை விட்டு இறங்கி வந்து உயரமான கண்ணாடி டம்ளரில் ஐஸ் போட்ட ஏதோ ஒன்றைக் கொடுக்க, அவர் மறுக்கவும் இல்லை, என்னவென்று கேட்கவும் இல்லை, ஒரே மூச்சில் குடித்தார். அப்போதுதான் டிரம்ஸுக்குப் பின்னால் சுவரைப் பார்த்தேன். அங்கே ஆணியடித்து மாட்டியிருந்தது தங்கள் மெத்தை. செய்தித்தாள் படித்துக்கொண்டே தாங்கள் காபியைக் கவிழ்த்த கறை அப்படியே இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும், "கடையில இன்னைக்குக் கூட்டமாப்பா?" என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன். "நிக்க நேரமில்லம்மா" என்றார். நிற்க நேரமில்லாததால்தான் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தார் போலும்.

எனக்கு ஒரு முடிவுதான் தோன்றுகிறது. அப்பாவை விலைக்கு வாங்கிவிட்டார்கள். எதைக் கொடுத்து வாங்கினார்கள் என்பதுதான் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை இதை நான் குறிப்பில் எழுதினால், அவர் சொன்ன விதிப்படியே, எல்லோர் முன்னாலும் அவர் பதவி போகும், மானமும் போகும். எழுதாவிட்டால் நான் எழுதியது பொய்க் குறிப்பு. புத்தகங்களில் இப்படி வந்தால் அந்தப் பெண் என்ன செய்கிறாள் என்று பார்க்க அடுத்த பக்கம் இருக்கும். எனக்குத் தாங்கள்தான் இருக்கிறீர்கள். அப்பா தங்களுக்கு மட்டும்தான் பயப்படுவார். ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து அவரைத் தனியே கூப்பிட்டு விசாரியுங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

தங்கள் ஆசி எப்போதும் எனக்கு வேண்டும், இந்த வாரம் சற்றுக் கூடுதலாகவே வேண்டும். பெரியம்மாவுக்கு என் வணக்கங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகள்

பின்குறிப்பு: இன்று ஞாயிறு. இந்தக் கடிதத்தைத் தபால் பெட்டி வரைக்கும் கொண்டுபோனேன், போடத்தான் கை வரவில்லை. பெற்ற அப்பாவைக் காட்டிக்கொடுக்கும் கடிதம் மிகவும் கனமாக இருக்கிறது. கூட்டம் எங்கள் கூடத்தில் நடந்தது. டாக்டர் மனுவைப் படித்துவிட்டு அப்பாவிடம் நீட்டினார். அப்பா பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். எனக்குத் தாங்கவில்லை. எழுந்து, "ஒன்றைக் குறிப்பில் சேர்க்க வேண்டும். செவ்வாய்க்கிழமை நான் நீலக் கதவுக்குள் போனேன். விதிப்படி விலகுகிறேன்" என்றேன். அதற்கு மேல் யார் பெயரையும் என்னால் சொல்ல முடியவில்லை. அப்பா என்னையே பார்த்தார். பேனாவைக் கீழே வைத்தார். "உக்காரும்மா. நானும்தான் போனேன். சத்தத்தைக் குறைக்கச் சொல்லத்தான் போனேன். கேட்டாங்க, குறைச்சாங்க. பால்கனியில சிவப்புத் துண்டு போட்டா இன்னும் குறைக்கணும், பச்சைன்னா சரின்னு அர்த்தம். மெத்தையையும் நான்தான் தூக்கிட்டுப் போய்க் குடுத்தேன்" என்றார்.

"நீங்க ஒத்தை ஆளாவா தூக்கினீங்க?" என்றார் அம்மா. "அந்தப் பக்கம் பிடிச்சது யாரு?"

டாக்டர் கூரையைப் பார்த்தார். பிறகு, தன் கிளினிக்கின் கனத்த திரை அங்கேதான் தொங்குகிறது என்று ஒப்புக்கொண்டார். நான் மறைந்து நின்றது அதன் பின்னால்தான். கணக்கு டீச்சர், "நான் சத்தத்துக்குப் போகல. அந்த இடி தாளத்துல எண்ணிக்கை தப்பு விடறான், அதைச் சொல்லிட்டு வரத்தான் போனேன்" என்றார். இப்படி ஆளாளுக்கு ரகசியமாகப் போய் ஆளுக்கொன்றைக் குறைக்கச் சொன்னதில், அங்கே வருகிறவர்கள் இப்போது கச்சேரியைவிட, அவரவர் மெல்லும் சத்தத்தையே தெளிவாகக் கேட்கிறார்களாம்.

ஆனால் டாக்டர் விடவில்லை. "குறைக்கச் சொன்னது சரி சார். செவ்வாய்க்கிழமை கூட்டச் சொன்னீங்களாமே, அந்த சவுண்டுக்காரப் பொண்ணு சொல்லிச்சு. அது எதுக்கு?"

அப்பாவின் காது சிவந்தது. "ரெண்டாவது சரணம் பால்கனிக்கு வரவே மாட்டேங்குது சார்" என்றார். "என்ன வரின்னே புரியல."

"எனக்கும்தான்," என்றார் டீச்சர். டாக்டர் மனுவைக் கேட்டு வாங்கி, 'ரத்து செய்ய' என்பதை அடித்துவிட்டு, 'இரண்டாவது சரணத்தைச் சற்றே கூட்ட' என்று எழுதி, உரிமம் வழங்கும் அதிகாரியின் பெயருக்குப் பதில் நீலக் கதவின் பெயரைப் போட்டார். விதிப்படி குழுவில் யாருமே மிச்சமில்லாததால் எல்லோரும் வெறும் குடித்தனக்காரர்களாகவே கையெழுத்திட்டோம். இந்த முறை அப்பா பேனாவை ஒரே தடவைதான் திறந்தார். அந்த டம்ளரில் இருந்தது இஞ்சி போட்ட எலுமிச்சைச் சாறு என்றும் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஆகவே தாங்கள் அவசரமாக வர வேண்டியதில்லை. இத்தனை பக்கங்களைக் கிழிக்க மனமில்லாமல் அனுப்புகிறேன். படித்துவிட்டுத் தாங்களே கிழித்துவிடுங்கள், அப்பா பார்க்க வேண்டாம். இதற்கு மேல் எழுத நேரமில்லை. மணி ஆறு ஆகப்போகிறது, டீச்சரும் டாக்டரும் இன்று எங்கள் பால்கனிக்குத்தான் வருகிறார்கள், நல்ல நாற்காலியை இப்போதே பிடிக்காவிட்டால் நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.