ஆடு படுக்காத நிலம்

உலகத்தில் நிலம் இரண்டே வகைதான் என்று அடித்துச் சொன்ன ஒரே மனிதர் எங்கள் லேயர் அண்ணாச்சி. ஆடு படுக்கும் நிலம், ஆடு படுக்காத நிலம்.

வடநாட்டில், விமான் நகரில் ஒரு கட்டுமானக் கம்பெனி. எந்த இடத்தை வாங்கலாம் என்று கணினி வரைபடத்தில் பார்த்துச் சொல்வது அவருக்கும் எனக்கும் வேலை. சாலை, சரிவு, தண்ணீர் என்று ஒவ்வொன்றையும் ஒரு லேயராக அடுக்கி, எதற்கு எத்தனை மார்க் என்று முடிவு செய்தால், நல்ல இடம் பச்சையாகவும் ஆகாத இடம் சிவப்பாகவும் தெரியும். மார்க் போடுவதற்கு அண்ணாச்சி இரண்டிரண்டாக மோதவிடுவார். "ரோடு பெருசா, தண்ணி பெருசா?" இந்த வியாதி கேன்டீன் வரைக்கும் வந்தது. "வடா பாவா, போஹாவா? போஹாவா, உப்புமாவா?" என்று அவர் தீர்ப்புக்கு வருவதற்குள் மூன்றுமே தீர்ந்திருக்கும்.

கடைசி லேயரின் பெயர் 'ஆடு'. போகிற இடத்திலெல்லாம் ஆடு மேய்ப்பவரைத் தேடிப் பிடித்து, ஆடு எங்கே படுக்காது என்று திருநெல்வேலி இந்தியில் கேட்பார். மேய்ப்பவர் கைகாட்டிய இடத்தில் சிவப்பு வட்டம் விழும்.

"யே லால் க்யா ஹை?" என்றார் முதலாளி ஒரு மீட்டிங்கில், சிவப்பு வட்டத்தைக் காட்டி.

"பக்ரி, சார்," என்று ஆட்டை இந்தியில் சொன்னார் அண்ணாச்சி.

முதலாளி ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

தளேகாவ் பக்கம் ஒரு நிலம் வந்தது. முழுக்கப் பச்சை, நடுவில் மட்டும் ஆட்டு வட்டம். அங்கே கட்டும் வீடுகளில் ஒன்றை எனக்குத் தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். விஷ்ராந்த்வாடி வாடகை வீட்டில் அலுத்துப்போன என் மனைவி திரைச்சீலைக்கு நிறமே முடிவு செய்துவிட்டாள். அண்ணாச்சி டீ குடிக்கப் போன நேரத்தில் ஆட்டுக்குப் பூஜ்யம் போட்டேன். வட்டம் மறைந்தது. மறுநாள் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு வர என்னை அனுப்பினார் முதலாளி; அண்ணாச்சியும் கூடக் கிளம்பினார்.

உச்சி வெயில். நான் நிலத்தின் நடுவில் போய் நின்றேன். ஒரு மந்தை வந்தது. எனக்குப் பத்தடி முன்னால் ஆடுகள் இரண்டாகப் பிரிந்து, என்னைச் சுற்றிப் போய், அந்தப் பக்கம் மறுபடி ஒன்றாகின. ஓர் ஆடுகூடக் கத்தவில்லை. அப்போதுதான் காலுக்கடியில் கேட்டது. கிணற்றுக் கப்பி சுற்றும் சத்தம். யாரோ அவசரமில்லாமல் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அசையாதீரும்வே!"

அண்ணாச்சி தரையில் குப்புறப் படுத்து, மேய்ப்பவரின் கம்பை நீட்டினார். பிடித்துக்கொண்டு தவழ்ந்து வந்தேன். திரும்பிப் பார்த்தால், நான் நின்ற இடத்தில் மண் உள்ளே போயிருந்தது.

மாலைக்குள் இயந்திரம் வந்து தோண்டியது. அரைகுறையாக மூடிய பழைய கல்கிணறு. கயிறு இல்லை, கப்பி இல்லை, சொட்டுத் தண்ணீர் இல்லை. முதலாளி நிலத்தைக் கைகழுவினார்.

திரும்பும்போது லோக்கல் ரயிலில் அண்ணாச்சி மெதுவாகக் கேட்டார்: "கப்பிச் சத்தம் உமக்கும் கேட்டுச்சா?"

தலையாட்டினேன். பிறகு பூஜ்யம் போட்டதைச் சொல்லி அழுதுவிட்டேன்.

"தெரியும்வே. நேத்தே பாத்துட்டேன்."

"அப்புறம் ஏன் அண்ணாச்சி முதலாளிகிட்ட சொல்லல?"

"சொன்னா உம்ம வேல போயிரும்லா? தனியா விட்டா நீரு அங்கன போயி நிப்பீரு. அதான் கூடவே வந்தேன்."

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. அந்தக் குறை அன்றோடு தீர்ந்தது.